தாத்தாவின் நாடோடி மன்னன் போஸ்டர் எந்த வருஷத்தது?

மதுரையிலிருந்து

எங்கள் வீட்டில் எம்.ஜி.ஆரின் நாடோடி மன்னன் பட போஸ்டர் ஒன்று இருக்கிறது. தாத்தா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். "படம் வந்த அன்னிக்கே கொண்டாந்தது" என்பதுதான் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. படம் வந்தது 1958 ஆகஸ்ட் 22. போன மாதம் சித்தப்பா அதை என்னிடம் கொடுத்து, "நல்லா பிரேம் போட்டுக் குடுப்பா" என்றார். கொடுப்பதற்கு முன் ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று தரையில் விரித்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் பிரேம் கடைக்குப் போகவில்லை.

அடியில் தியேட்டர்காரர்கள் ஒட்டிய ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. உள்ளூர் பிரஸ்ஸில் ஈய எழுத்தில் அச்சடித்தது. "மார்ச் 14 வெள்ளி முதல், தினசரி 3 காட்சிகள்", அதற்கு மேலே "புரட்சித் தலைவரின்" என்று ஒரு வரி. வருஷம் இல்லை. அந்தக் காலத்துத் தியேட்டர் சீட்டுகளில் வருஷம் போடும் வழக்கமே கிடையாது, அடுத்த வெள்ளிக்கிழமை கிழிந்துபோகிற காகிதத்துக்கு எதற்கு வருஷம்?

ஆனால் தேதியும் கிழமையும் சேர்ந்து இருந்தால் அதுவே பெரிய தடயம். மார்ச் 14 வெள்ளிக்கிழமையாக வந்த வருஷங்களைக் கணக்குப் போட்டேன். 1958, 1969, 1975, 1980, 1986. தாத்தா 1990ல் காலமானார், அதனால் அதற்கு மேல் போகவில்லை. 1958 மார்ச்சில் படமே வரவில்லை, அது போயிற்று. "புரட்சித் தலைவர்" 1972 அக்டோபரில் அ.தி.மு.க. தொடங்கிய பிறகு எம்.ஜி.ஆருக்கு வந்த பட்டம். அதற்கு முன்னால் "புரட்சி நடிகர்", "மக்கள் திலகம்" என்றுதான் போடுவார்கள். ஆக 1969ம் போயிற்று. மீதி மூன்று வருஷம். 1983ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. அதன் பிறகு அடித்த சீட்டாக இருந்தால் "டாக்டர்" என்று போட்டிருக்க வாய்ப்பு அதிகம். போடாததை வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனாலும் 1986ஐப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டேன்.

சித்தப்பாவிடம் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "சீட்டு பின்னாடி ஒட்டியிருப்பாங்க. போஸ்டர் பழசுதான், அதுல புரட்சி நடிகர்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. 1958ல் மிச்சமான போஸ்டரை எடுத்துப் பின்னால் ஒரு மறுவெளியீட்டுக்கு ஒட்டியிருக்கலாம் அல்லவா? பிரஸ் பெயர் இருக்கும் அடிவரியை அந்தச் சீட்டு மறைத்துக்கொண்டிருக்கிறது. உரிக்கப் பயமாக இருக்கிறது. இதுபோல் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

சிவகாசியிலிருந்து

தம்பி, தயவுசெய்து உரிக்காதீங்க. மைதா பசை போட்டு ஒட்டினது. தண்ணி வச்சு ஊறவச்சா அடியில இருக்கிற மையும் சேர்ந்து வந்துரும். போஸ்டரை ஜன்னலுக்கு எதிரே பிடிச்சு, அச்சுப் பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி வச்சு, முதுகுப் பக்கமா பாருங்க. போஸ்டர் பேப்பர் மெல்லிசு, அடிவரி தெரியும். இடவலம் மாறித் தெரியும், போட்டோ எடுத்துத் திருப்பிக்கலாம்.

அடிவரியில ஊர் பேருக்கு அப்புறம் என்ன இருக்குன்னு பாருங்க. வெறும் "சிவகாசி"யா, "சிவகாசி - 626 123"ஆ? பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதுக்கு முன்னாடி மெட்ராஸ் பிரஸ்னா "சென்னை-2", "சென்னை-17"னு ஒண்ணு ரெண்டு இலக்க எண்தான் இருக்கும். ஆறு இலக்கம் இருந்தா 1972க்கு முன்னால அடிச்சதா இருக்கவே முடியாது. இல்லாட்டி முன்னாடிதான்னு மட்டும் சொல்லிறாதீங்க. பழைய பிளாக்கையே ரொம்ப வருஷம் ஓட்டின பிரஸ்களும் உண்டு.

எங்கப்பா லித்தோ ஆர்ட்டிஸ்ட். போட்டோவைப் பார்த்து மஞ்சளுக்கு ஒரு தகடு, சிவப்புக்கு ஒண்ணு, நீலத்துக்கு ஒண்ணு, கறுப்புக்கு ஒண்ணுன்னு கையாலயே வரைவாங்க. ஒரு முகத்தை நாலு தடவை வரையணும், நாலும் ஒண்ணுமேல ஒண்ணு உட்காரணும். அதனால பத்து மடங்கு லென்ஸ் வச்சுக் கன்னத்தைப் பாருங்க. கையால வரைஞ்சதுன்னா கிரேயான் தேய்ச்ச மாதிரி ஒழுங்கில்லாத பொரிப்பொரியா இருக்கும். கேமராவுல ஸ்கிரீன் போட்டு எடுத்ததுன்னா வரிசை பிசகாத புள்ளிகள், சின்னச் சின்னப் பூ மாதிரி வட்டம் கட்டி நிக்கும். உதட்டோரத்துல, தலைப்பாகை ஓரத்துல மஞ்சள் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்தா குறைன்னு நினைக்காதீங்க. அது தகடு ஒரு நூல் விலகினதால வந்தது.

பட்டத்தைப் பத்தி ஒண்ணு. மறுவெளியீட்டுக்குப் போஸ்டர் கேட்டு வர்ற விநியோகஸ்தர் பழைய போஸ்டரையே கொடுத்து "இதே மாதிரி போட்டுருங்க"ன்னு சொல்றது உண்டு. அப்பா எழுத்து உட்பட அப்படியே பார்த்து வரைவாங்க. போஸ்டர்ல புரட்சி நடிகர்னு இருக்கிறதை மட்டும் வச்சு வருஷம் சொல்ல முடியாது. புதுப் பட்டம் இருந்தாத்தான் சாட்சி. 1954ல வந்த படத்துக்கு "பத்மஸ்ரீ சிவாஜி கணேசன்"னு இருந்தா அது 1966க்கு அப்புறம் அடிச்சது, அதுல சந்தேகமே வேண்டாம்.

இன்னொண்ணு கெஞ்சிக் கேட்டுக்கிறேன். பிரேம் போடும்போது அடி மார்ஜினை வெட்ட விடாதீங்க. எங்கப்பா கையால வரைஞ்ச ஒரு போஸ்டர், ஒரு பிரேம் கடையில "அளவு சரியா வரல"ன்னு ரெண்டு விரக்கடை வெட்டிட்டாங்க. பிரஸ் பேரு அதோட போச்சு. இன்னிக்கு அதை எந்த வருஷத்ததுன்னு என்னாலயே சொல்ல முடியல.

கோவையிலிருந்து

நான் ஏமாந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும். 1940களின் படம், "ஒரிஜினல்" என்று ஒருவரிடம் பெரிய தொகை கொடுத்து வாங்கினேன். காகிதம் பழுப்பு, மடிப்புகள், ஓரத்தில் கிழிசல், எல்லாம் இருந்தன. வீட்டுக்கு வந்து மடிப்பின் மேல் விரலை ஓட்டினேன். வழவழவென்று இருந்தது! மடிப்பு காகிதத்தில் இல்லை, படத்தில் இருந்தது. யாரோ ஒரு நிஜப் போஸ்டரைப் போட்டோ எடுத்து, அதன் மடிப்பு, கறை, கிழிசல் எல்லாவற்றையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். நிஜ மடிப்பில் மை வெடித்து உள்ளிருக்கும் காகித நார் தெரியும்.

அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் தலைப்பு எழுத்துகளும் புள்ளிகளால் ஆனவை. கையால் எழுதித் தகடு செய்த தலைப்பு புள்ளியே இல்லாமல் ஒரே மையாக, வழித்துவிட்ட மாதிரி இருக்கும். எழுத்துக்குள் புள்ளி தெரிந்தால் அது நகலின் நகல்.

பழுப்பும் பொய்தான். டீத் தண்ணீரில் முக்கி எடுத்தது, நடுவிலும் ஓரத்திலும் ஒரே நிறம். உண்மையான பழுப்பு ஓரத்திலிருந்தும் மடிப்பிலிருந்தும்தான் உள்ளே ஏறும். ராமபாணம் அரித்த ஓட்டைகளையும் பாருங்கள். மடித்து வைத்திருந்த போஸ்டரில் ஒரு ஓட்டை எல்லா மடிப்பிலும் இறங்கியிருக்கும். விரித்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஜோடியாகத் தெரியும்.

கடைசியில் கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் வைத்தேன். மின்னல் மாதிரி நீலவெள்ளையாகப் பளீரிட்டது. காகிதத்தை வெளுப்பாகக் காட்ட அந்த ஒளிரும் ரசாயனத்தைச் சேர்ப்பது 1950 வாக்கில்தான் பரவியது. அதற்கு முந்தைய காகிதம் அந்த விளக்கில் மங்கலாகத்தான் கிடக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

என்ர அப்பப்பா சேர்த்து வச்ச பாட்டுப் புத்தகங்களும் நோட்டீசுகளும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்குது. எனக்கு முதலில கைகொடுத்தது விலைதான். இந்தியாவில அச்சடிச்சதில அணா இருக்கும், இஞ்ச அச்சடிச்சதில சதம். இந்தியப் புத்தகத்தில அணா எண்டால் 1957 ஏப்ரலுக்கு முந்தினது எண்டு பெரும்பாலும் சொல்லலாம். "ந.பை." எண்டால் 1957க்கும் 1964க்கும் இடையில, நயா பைசா புழங்கின காலம். வெறும் "பைசா" எண்டால் 1964 ஜூனுக்குப் பிறகு. என்னட்டை ஒரே படத்தின்ர புத்தகம் ரெண்டு இருக்குது, ஒண்டில 2 அணா, மற்றதில 12 ந.பை. ரெண்டு அணாவை அப்பிடித்தான் மாத்தினவை. அட்டை ரெண்டிலையும் ஒண்டுதான்.

இஞ்சத்தை நோட்டீசில ஆங்கில முகவரி இருந்தால் "சிலோன்" எண்டா "ஸ்ரீலங்கா" எண்டா போட்டிருக்கு எண்டு பாருங்கோ. பேர் மாறினது 1972 மே 22.

சென்னையிலிருந்து

எழுத்துச் சீர்திருத்தத்தையும் பாருங்க. 1978 அக்டோபர்ல அரசாணை வந்தது. அதுக்கு முன்னாடி லை, னை, ணை, ளை எல்லாம் தும்பிக்கை வச்ச எழுத்து, அதாவது யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு இருக்கிற பழைய வடிவம். 1950கள் போஸ்டர்னு சொல்லி, தலைப்புல இன்னிக்கு நாம எழுதுற "லை" இருந்தா உடனே சந்தேகப்படுங்க. பெரியாரோட பத்திரிகைகள் 1935லேயே புது எழுத்துக்கு மாறிடுச்சு, ஆனா சினிமா போஸ்டர்ல அப்ப அதை நான் பார்த்ததில்லை. தும்பிக்கை இருந்தா பழசுன்னு முடிவு பண்றதுதான் தப்பு. ஈய எழுத்து வச்சிருந்த சின்ன பிரஸ்கள் 1978க்கு அப்புறமும் கையில இருந்த எழுத்தையே ஓட்டினாங்க.

தணிக்கை முத்திரை தெரிஞ்சா அதையும் விடாதீங்க. "யு/ஏ" 1983லதான் வந்தது.

மறுபடியும் மதுரையிலிருந்து

சிவகாசி அண்ணன் சொன்னபடி ஜன்னலுக்கு எதிரே பிடித்தோம். சித்தப்பா ஒரு முனை, நான் ஒரு முனை. போட்டோ எடுத்துத் திருப்பியபோது பிரஸ் பெயர் பாதிதான் தெரிந்தது, அதன் பின்னால் "சிவகாசி - 626 123" தெளிவாக இருந்தது. போஸ்டரே 1972க்குப் பிந்தியதுதான். கன்னத்தில் லென்ஸ் வைத்தேன், கிரேயான் பொரிதான், புள்ளி வரிசை இல்லை. யாரோ ஒருவர் நாலு தகட்டிலும் கையால் வரைந்த முகம்.

1975ஆ 1980ஆ என்பது மட்டும் நின்றது. சீட்டில் "தலைவரின்" என்பதில் தும்பிக்கை 'லை' இருக்கிறது, ஆனால் சென்னை நண்பர் சொன்ன காரணத்தால் அதை நம்பி 1980ஐத் தள்ள முடியவில்லை. நேற்று அத்தை வந்திருந்தார். சீட்டில் இருந்த தியேட்டர் பெயரைப் படித்ததும், "இது டவுன் தியேட்டர்ல, டூரிங் டாக்கீஸ் இல்லையே" என்றார். தாத்தா டூரிங் டாக்கீஸை விட்டு அந்தத் தியேட்டருக்கு மாறியது 1974 பொங்கலுக்கு அப்புறம். கண்புரை வந்து 1979ல் வேலையை விட்டுவிட்டார். இதற்கு நடுவில் மார்ச் 14 வெள்ளிக்கிழமையாக வந்தது ஒரே ஒரு வருஷம்தான்.

"புதுசா சேர்ந்த தியேட்டர்ல அப்பாவுக்குப் பிடிச்ச படம் வந்துச்சு. எங்க எல்லாரையும் ஆபரேட்டர் ரூமுக்குள்ளயே உட்கார வச்சுக் காட்டினாரு" என்றார் அத்தை. சித்தப்பாவுக்கு அப்போது பதினொரு வயது. கொஞ்ச நேரம் போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த ரூம் சூடு ஞாபகம் இருக்கு" என்றார்.

போஸ்டரின் பின்பக்க மூலையில் பென்சிலால் மெதுவாக எழுதி வைத்தேன்: 14-3-1975, மறுவெளியீடு. நாளைக்குப் பிரேம் கடைக்குப் போகிறேன், அடி மார்ஜினோடும் சீட்டோடும் சேர்த்துத்தான்.