சோலைகளுக்காக ஒரு நடைபயணம்: ஒரு நாளை எப்படி அமைப்பது?

கேள்வி (குன்னூர் ஆசிரியர்)

நண்பர்களுக்கு வணக்கம். நீலகிரியின் சோலைக்காடுகளையும் (மலை மடிப்புகளில் வளரும் இயற்கையான குறுங்காடுகள்) அவற்றை ஒட்டிய சதுப்பு நிலங்களையும் மீட்க வேண்டும் என்ற கோரிக்கையோடு, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி, உதகை வழியாகக் கூடலூர் வரை வரும் தை மாதத்தில் முப்பது பேர் நடக்க இருக்கிறோம். 1987 நவம்பரில் கன்னியாகுமரியிலிருந்தும் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரிலிருந்தும் புறப்பட்ட இரு அணிகள் 1988 பிப்ரவரியில் கோவாவில் ஒன்றுசேர்ந்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு நடைபயணமே எங்களுக்கு முன்மாதிரி. மொத்தத் தொலைவு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் என்பதால், நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் வீதம் ஐந்தே நாளில் முடித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் குழுவில் பெண்களும் அறுபது வயதைக் கடந்தவர்களும் இருக்கிறார்கள். எப்போது புறப்படுவது, எங்கே தங்குவது, யார் சமைப்பது என்பதையெல்லாம் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (பழைய நடையாளர்)

ஐயா, 25 கிலோமீட்டர் என்ற கணக்கைத் தயவுசெய்து கைவிடுங்கள். 1930இல் தண்டி யாத்திரை சமவெளியில் சுமார் 385 கிலோமீட்டரை 24 நாட்களில் கடந்தது; திங்கட்கிழமைகளில் நடை இல்லை. நீங்களோ கோத்தகிரியை அடைவதற்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஏற்றத்தில் நாளொன்றுக்கு 12 கிலோமீட்டரும் மேட்டுநிலத்தில் 15 கிலோமீட்டரும் போதும்.

இதை உடல் நலத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நடைபயணத்தின் உண்மையான வேலை மாலையில்தான் தொடங்குகிறது. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்து, வீடு திரும்பி, அடுப்பு வேலையை முடித்த பிறகே உங்களோடு உட்கார முடியும். எந்த ஊற்று வற்றியது, அயல் மரங்களான கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) வருவதற்கு முன் அந்தச் சரிவு எப்படி இருந்தது என்பதை வயதானவர்கள் சொல்லத் தொடங்கும் நேரத்தில், கால் வலியோடு சுவரில் சாய்ந்து தூங்கிவிழும் முப்பது பேர் எதிரில் இருந்தால் அவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆகவே பிற்பகல் இரண்டு மணிக்குள் தங்குமிடத்தை அடைந்து, குளித்து, சற்று உறங்கி எழுந்து, ஏழு மணிக் கூட்டத்துக்குத் தெளிவாக இருங்கள். அன்று கேட்டதை அன்றே எழுதிவைக்க இருவரைப் பொறுப்பாக்குங்கள். கூடலூரில் நீங்கள் அளிக்கப்போகும் மனுவின் உயிர் அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கும்.

மறுமொழி 2 (கோத்தகிரிவாசி)

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சமவெளி வழக்கப்படி விடியலுக்கு முன் புறப்படும் எண்ணம் வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் வழியிலுள்ள குஞ்சப்பனைப் பகுதியில் யானைகள் சாலையைக் கடக்கும். மேலே தேயிலைத் தோட்டங்களுக்குள் காட்டெருமையும் கரடியும் நடமாடும். காலை வெயில் நன்றாக வந்த பிறகு, கூட்டம் சிதறாமல் புறப்படுங்கள். காட்டுச் சாலைகளில் முழக்கமும் ஒலிபெருக்கியும் கூடாது. காவல்துறைக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதோடு, காட்டுவழிப் பகுதிகளுக்கு வனத்துறையின் அனுமதியையும் முன்கூட்டியே பெறுங்கள்.

தை மாதத்தில் உதகைப் பக்கம் உறைபனி விழும். தலைக்குந்தா போன்ற பள்ளங்களில் புல்வெளியே வெளுத்துக் கிடக்கும். எனவே கூடாரம் வேண்டாம். ஹட்டியின் (படுகர் ஊரின்) சமுதாயக்கூடமோ பள்ளிக்கூடமோ கேளுங்கள். இடத்தைப் பார்க்கப் போகிறவர்களில் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் விளக்கு எரிகிறதா என்பதை நேரில் பார்க்காமல் எந்த இடத்தையும் உறுதி செய்யாதீர்கள். மாவட்டத்தில் நெகிழித் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை இருப்பதால் ஆளுக்கொரு எவர்சில்வர் புட்டியும் தட்டும் டம்ளரும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மறுமொழி 3 (திருச்சி வாசகர்)

சமையலைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்த தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருவோர் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டி வைத்தார்கள். உணவு கொடுத்த ஊர், அந்தப் போராட்டத்தில் பங்கேற்ற ஊராகிவிடுகிறது. ஆகவே இரவு உணவையாவது ஊராரோடு சேர்ந்து சமைத்து உண்ணுங்கள். அதே நேரத்தில், தோட்டக் கூலியில் வாழும் குடும்பங்கள் மீது முப்பது பேரின் சுமை விழக்கூடாது; அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு எல்லாம் உங்கள் வண்டியில் வரட்டும்.

புதுச் செருப்பும் புதுக் காலணியும் வேண்டாம். இரவில் ஒவ்வொருவர் பாதத்தையும் பார்த்து, கொப்புளம் கண்டவரை மறுநாள் வண்டியில் ஏற்றுங்கள். நடுவட்டத்திலிருந்து கூடலூருக்கு இறங்கும்போது முழங்காலும் கால்விரல் நகமும்தான் முதலில் நோகும். மூத்தவர்களுக்கு ஊன்றுகோல் கொடுங்கள்.

கேட்டவரின் பதில் (குன்னூர் ஆசிரியர்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நடை எட்டு நாள், உதகையில் ஒரு நாள் ஓய்வு என்று திட்டத்தை மாற்றுகிறோம். இடம் பார்க்கப் போகும் மூவரில் இருவர் பெண்களாக இருப்பார்கள். குறிப்பேடு எழுதும் பொறுப்பை என் மாணவிகள் இருவர் இன்றே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நடுவட்டத்தில் முப்பது பேர் ஓர் இரவு தங்கக்கூடிய இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.