நுரையீரல் மாதிரியில் ஒரு பலூன் மட்டும் உப்புகிறது

வகுப்பில் காட்ட வேண்டிய சுவாச மாதிரி. அடி வெட்டிய 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், மூடி வழியே ஒய் வடிவக் குழாய், இரு கிளையிலும் பலூன், அடியில் உதரவிதானமாக ரப்பர் தாள். தாளைக் கீழே இழுத்தால் இடது பலூன் நன்றாக உப்புகிறது. வலது சுருங்கியே தொங்குகிறது.

தாளை இழுத்துப் பிடித்திருக்கும்வரை இடது பலூன் வற்றுவதில்லை, அதனால் கசிவு இல்லை. கிளைகளைத் தனித்தனியே ஊதிப் பார்த்தாயிற்று, அடைப்பும் இல்லை. பலூன்களை இடம் மாற்றினால் கோளாறும் கூடவே மாறுகிறது. ஆக, பலூனின் விறைப்புதான் காரணம்: இளகியது முதலில் விரிந்ததும் மேலும் விரிய அதற்குக் குறைந்த அழுத்தமே போதும், காற்றெல்லாம் அங்கேயே போய்விடுகிறது. முன்கூட்டியே ஊதித் தளர்த்தியும் சரியாகவில்லை. ஒரு நுரையீரல்தான் மூச்சு வாங்கும் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடக் கூடாது.

இரண்டும் சேர்ந்து விரிய, பலூனுக்குப் பதிலாக எந்த மெல்லிய பையைக் கட்டலாம்?