சென்னை - லண்டன்: தூரம் ஒன்றுதான், மணிக்கணக்கு ஏன் மாறுகிறது?

கேள்வி: லண்டன் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அப்பா அம்மாவுக்கு டிக்கெட் பார்க்கிறேன். ஒரு தளத்தில் 9 மணி நேரம், இன்னொன்றில் 11. எதை நம்புவது?

பதில் 1: பதினொன்றை நம்புங்கள். மீனம்பாக்கத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் சுமார் 8,200 கி.மீ. அதை 900 கி.மீ. வேகத்தால் வகுத்துவிட்டு ஒன்பது என்று போட்டுவிடுகிறார்கள். மேலே ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. சராசரியாக 100 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் வேகம் 800 ஆகிவிடும். அதிலேயே ஒரு மணி நேரம் கூடிவிடும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஹீத்ரோ நெரிசலில் வானத்தில் வட்டமடிப்பது எல்லாம் அதற்கு மேல். ஊர் திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், கிட்டத்தட்ட 10 மணி நேரம். ஈரான், ஈராக் வான்வெளி மூடினால் இரண்டு கணக்குமே தப்பும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜனவரியில் காலை 5.30க்குக் கிளம்பி 11.15க்கு இறங்குகிறது என்றால் அது ஐந்தே முக்கால் மணிப் பயணம் இல்லை. இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் ஐந்தரையைக் கூட்டுங்கள், 11 மணி 15 நிமிடம் வரும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவதால் நாலரையைக் கூட்டினால் போதும். ஊருக்குப் போகும் டிக்கெட்டில் கழிக்க வேண்டும்.

துபாய் வழியாகப் போனால் ரொம்பச் சுற்று என்பார்கள். 2,900 + 5,500, மொத்தம் 8,400. கூடுவது 200 கி.மீ.தான், நேரத்தைத் தின்பது காத்திருப்பு. ஆனால் இரண்டு விமானத்தையும் ஒரே புக்கிங்கில் எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் அடுத்த கம்பெனிக்குப் பொறுப்பில்லை, பெட்டியும் நேராகப் போகாது. பெரியவர்களுக்கு வீல்சேர் வேண்டுமென்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

பதில் 2: தூரம் உங்கள் பையில் பணமாக விழும் இடமும் உண்டு. பிரிட்டிஷ் விதிப்படி 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்தில், சேருமிடத்துக்கு 4 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் ஆளுக்கு 520 பவுண்டு இழப்பீடு. 3 முதல் 4 மணி வரை என்றால் 260. பிரிட்டனிலிருந்து கிளம்பினால் எந்த நாட்டு விமானமானாலும் செல்லும். ஆனால் சென்னையிலிருந்து வரும்போது பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய கம்பெனியாக இருக்க வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். புயல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கோளாறு காரணமென்றால் பணம் கிடையாது. விமானத்தில் வழக்கமான பழுது என்றால் உண்டு. போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். இங்கிலாந்தில் 6 வருடம் வரை கேட்கலாம்.

பதில் 3: இன்னொன்று. வெறும் 'லண்டன்' என்று தேடினால் லண்டனின் இன்னொரு விமான நிலையமான கேட்விக்கும் வரும். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் போவதென்றால் ஹீத்ரோ வசதி: எலிசபெத் லைன் ரயிலைப் பிடித்து வைட்சேப்பலில் டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறினால் போதும்.