சாயங்காலம் ஆனா வயர்லெஸ் கேமிங் மவுஸ் திக்குது, வயர் மவுஸுக்கே போயிடலாமா?

கேத்தி_ஸ்னைப்பர்:
வணக்கம்ங்க. நமக்கு கேத்தி, ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவுல. வேலரண்ட்ங்கற ஷூட்டிங் கேம் ஆடறேன். தீபாவளி ஆஃபர்ல வாங்குன வயர்லெஸ் கேமிங் மவுஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (கம்ப்யூட்டர்ல சொருகற குட்டி ரிசீவர்), சார்ஜ் போடற டைப். பகல்ல ஒரு குறையும் இல்ல, சாயங்காலம் வீட்ல எல்லாரும் வந்து வைஃபைல படம் பாக்க ஆரம்பிச்சா கர்சர் திக்கி திக்கி போகுது, எதிராளி தலைக்கு குறி வச்சு வேகமா திருப்புனா குறி அவன தாண்டி செவுத்துல போய் நிக்குது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல காப்பி ஓடுனா இன்னும் மோசம். சிபியு மேசைக்கு அடியில, டாங்கிள் பின்னாடி நீல போர்ட்ல, ஹார்ட் டிஸ்க்கும் அதுக்கு பக்கத்து போர்ட்ல தான். பனி ஆரம்பிச்சதுல இருந்து சார்ஜும் நிக்க மாட்டேங்குது. கோயமுத்தூர் ஃப்ரெண்டு வயர்லெஸ்னாலே லேக் (தாமதம்) தான், வித்துருங்கறான். என்ன பண்ணட்டும்?

கொடை_ஃப்ராக்:
தம்பி, அவசரப்பட்டு வித்துறாத. நீ சொல்றத பாத்தா மவுஸ் மேல தப்பில்ல, டாங்கிள் இருக்கற இடம் தான் சரியில்ல. நீல போர்ட்னா யூஎஸ்பி 3.0, அதுல டேட்டா ஓடறப்போ வர்ற இரைச்சல் சரியா 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமே விழும், இன்டெல்லே 2012ல இத பத்தி ஒரு பேப்பர் போட்டிருக்கு. அதான் ஹார்ட் டிஸ்க் ஓடுனா மோசமாகுது. போதாததுக்கு சிபியுவோட இரும்பு பாடி மறைக்குது, வீட்டு வைஃபையும் 2.4ல இருந்தா அதுவும் அதே அலைவரிசை. மவுஸ் பெட்டியில ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் ஒயர் குடுத்திருப்பாங்க, நெறைய பேரு அத தூக்கி பரண்ல போட்டுருவாங்க. அத கருப்பு யூஎஸ்பி 2.0 போர்ட்ல சொருகி, டாங்கிள மேசை மேல மவுஸ் பேடுக்கு ஒரு சாண் தள்ளி வை. டிவி, போன் எல்லாத்தையும் 5 கிகாஹெர்ட்ஸ்க்கு மாத்து. லேக் பத்தி உன் ஃப்ரெண்டு சொல்றது பழைய கதை. 1000 ஹெர்ட்ஸ்ல ஓடற டாங்கிள் மவுஸ் 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை சேதி அனுப்புது, சாதா வயர் கேமிங் மவுஸும் அவ்ளோ தான். ப்ளூடூத்ல மட்டும் ஷூட்டிங் கேம் ஆடாத, அங்க நெசமாவே தாமதம் தெரியும்.

கோத்தகிரி_தேயிலை:
நான் வயர் கட்சி தான். இருந்தாலும் கொடை அண்ணன் சொன்னத மொதல்ல செஞ்சு பாருங்க. என் கவலை சார்ஜ் தாங்க. மழைக்காலத்துல எங்க பக்கம் மரம் லைன் மேல விழுந்தா எப்ப கரண்ட் வரும்னு யாருக்கும் தெரியாது, அன்னைக்கு லேப்டாப்ல ஆடலாம்னு உக்காந்தா மவுஸ்ல உயிர் இருக்காது. அதே காசுக்கு வயர்ல ஒரு படி மேல சென்சார் கெடைக்கும், அஞ்சு வருஷம் கழிச்சு பேட்டரி போயிருச்சேங்கற பேச்சும் இல்ல. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், குறைஞ்ச சென்சிடிவிட்டில, அதாவது மவுஸ நெறைய நகத்துனா தான் குறி கொஞ்சம் நகரும்னு வச்சு, கைய அகலமா வீசி ஆடறவங்களுக்கு ஒயர் மேசை ஓரத்துல ஒரசி இழுக்கறது பெரிய தொல்லை, அதுக்கு வயர்லெஸ் மாதிரி வராது.

கேத்தி_ஸ்னைப்பர்:
அண்ணா ரொம்ப நன்றி. எக்ஸ்டென்ஷன் பெட்டியிலயே இருந்துச்சு. போட்டு ஹார்ட் டிஸ்க்ல காப்பியும் ஓட விட்டு ஆடி பாத்தேன், ஒரு எடத்துல கூட திக்கல. ஆனா சார்ஜ் அப்படியே தான் இறங்குது. இன்னொன்னு, காலையில ஆடுனா பேடுல மவுஸ் கனமா நகருது, மத்தியானம் வெயில் வந்தா சரியாகுது. இது என்னங்க?

கோத்தகிரி_தேயிலை:
அது துணி பேடுங்களா? துணின்னா நம்ம ஊரு ஈரத்த குடிச்சு வச்சிருக்கும். உள்ளங்கைய பேடுல வச்சு தேச்சு பாருங்க, காலையில பிசுக்குன்னு புடிக்கும், மத்தியானம் வழுக்கும். வெயில்ல காய வச்சா போதும், ஹேர் ட்ரையர கிட்ட வச்சு அடிக்காதீங்க, அடி ரப்பர் பிரிஞ்சுக்கும். ஹீட்டர் போட்ட ரூமுக்கு வெளிய இருந்து ஜில்லுனு மவுஸ கொண்டு வந்தா சென்சார் லென்ஸ்ல ஆவி படியும், ஒரு கால் மணி நேரம் விட்டுட்டு ஆடுங்க.

கொடை_ஃப்ராக்:
சார்ஜ் விஷயம் சொல்றேன். குளிருல லித்தியம் பேட்டரி கொஞ்சம் குறைச்சலா தான் குடுக்கும், சூடானா திரும்பிரும், அது கெட்டுப் போனதா அர்த்தம் இல்ல. ஆனா ரூமுக்குள்ள இருக்கற குளிருக்கு பாதியா கொறையாது, அதனால மவுஸ் சாஃப்ட்வேர தெறந்து பாரு. லைட்டு எரியுதா, எரிஞ்சா மொதல்ல அத அணை. போலிங் ரேட், அதாவது செகண்டுக்கு எத்தன தடவை மவுஸ் சேதி அனுப்புதுங்கறது, 4000, 8000னு வச்சிருந்தா 1000க்கு இறக்கு, அதுதான் பேட்டரிய குடிக்கும். கேம் ஆடாம சும்மா படிக்கறப்போ 500 போதும். ராத்திரி பனி கொட்டற ஜன்னல் ஓரத்துல வச்சு சார்ஜ் போடாத, 0 டிகிரிக்கு கீழ சார்ஜ் ஏத்துனா தான் லித்தியம் பேட்டரிக்கு நெஜமான சேதாரம்.

கேத்தி_ஸ்னைப்பர்:
4000ல தான் இருந்துச்சுங்கண்ணா, லைட்டும் எரிஞ்சுட்டு தான் இருந்துச்சு. ரெண்டும் மாத்திட்டேன். லீவு முடிஞ்சு கோயமுத்தூர் ஹாஸ்டலுக்கு பஸ்ல எடுத்துட்டு போகணும், அதுக்கு ஏதாச்சும் கவனிக்கணுமா?

கொடை_ஃப்ராக்:
டாங்கிள மவுஸ் அடியில இருக்கற குழிக்குள்ள வச்சுரு, அது தொலைஞ்சா வேற கம்பெனி டாங்கிள் சேராது. அடியில இருக்கற ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு பேக்ல போடு, இல்லேன்னா பர்லியார் கொண்டை ஊசி வளைவுல பஸ் குலுங்க குலுங்க மவுஸ் முழிச்சுகிட்டே வந்து மேட்டுப்பாளையம் சேர்றதுக்குள்ள சார்ஜ தின்னுரும்.