ஸ்விஃப்டுக்கு ஃபைபர் கிக் பேனல்: தருமபுரியில் செய்த அனுபவம்

கார் கதவில் கம்பெனி விட்டிருக்கும் இடத்தில் என்ன விலைக்கு ஸ்பீக்கர் வாங்கிப் போட்டாலும் பாடுகிறவர் குரல் என் வலது முழங்கால் பக்கத்திலிருந்துதான் வந்தது. ஓட்டுகிறவருக்கு வலது ஸ்பீக்கர் கிட்டே, இடது தூரம். இரண்டையும் முன்னால், டாஷ்போர்டுக்குக் கீழே கால் வைக்கும் இடத்தின் ஓரத்துக்குத் தள்ளினால் அந்த வித்தியாசம் குறைகிறது. அங்கே ஸ்பீக்கரைப் பிடித்து வைக்கும் கூடுதான் கிக் பேனல், அதைச் செய்வதே இதற்காகத்தான். பலர் வடிவத்தை முதலில் முடிவு செய்துவிட்டு ஸ்பீக்கரை அதற்குள் திணிக்கிறார்கள். காசு வீணாவது அங்கேதான்.

கோணத்தைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கருக்கு வளையம் வெட்டி, பழைய துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்து, தனிக்குரல் பாட்டு ஒன்றைப் போட்டேன். வலது ஸ்பீக்கர் என்னை நேராகப் பார்த்தபோது குரல் வலப்பக்கமே சாய்ந்தது. இடது சீட்டைப் பார்க்கத் திருப்பியதும் நகர்ந்து வந்து டாஷ்போர்டு நடுவில் நின்றது. அந்த நிமிடம் கிடைத்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. வளையத்தை அப்படியே குச்சி வைத்து ஒட்டிவிட்டேன். அதற்கு முன் ஷூ போட்டு ஆக்ஸிலரேட்டர், பிரேக் இரண்டையும் மிதித்து, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். இதில் மட்டும் சமரசமே கூடாது.

ரெசின் (கண்ணாடி இழையில் தடவி இறுக வைக்கும் பிசின்) வேலைக்கு சேலம் ரோட்டில் லாரி கேபினுக்கு ஃபைபர் பண்ணும் மாஸ்டர் ஒருவரைப் பிடித்தேன். கார் ஆடியோ அவருக்குப் புதிது, ஆனால் வேலை சுத்தம். கார்ப்பெட் மேல் மாஸ்கிங் டேப், அதன் மேல் அலுமினிய ஃபாயில், அதன் மேல் மெழுகு. ரெசின் கார்ப்பெட்டில் இறங்கினால் அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் பாட்டிலையும், இறுக வைக்கும் ஹார்டனர் பாட்டிலையும் நான் ஒரே தட்டில் வைத்ததைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "தம்பி, அது ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கவே கூடாது!" நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கி, பிறகுதான் ஹார்டனர். 100 கிராம் ரெசினுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிராம் ஹார்டனர் போதும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஒன்றே அதிகம். கப் கையில் சுடும், பிரஷ் வைப்பதற்குள் இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதுதான் வழி.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட் மூன்று அடுக்கு போட்டு அடிப்பாகம் எடுத்தோம். வளையத்துக்கும் அதற்கும் நடுவே பனியன் துணியை இழுத்துக் கட்டி ரெசின் தடவினால் வளைவு தானாக வந்துவிடுகிறது. துணி வெறும் தோல்தான், பலத்துக்கு உள்ளே மறுபடி மேட் ஒட்ட வேண்டும். இடம் நிரப்ப தெர்மோகோலை வைத்துவிடாதீர்கள், பாலியஸ்டர் ரெசின் அதைக் கரைத்துவிடும். அப்புறம் புட்டி, 80-ம் நம்பரில் தொடங்கி 220 வரை உப்புத்தாள், மேலே கறுப்பு ரெக்சின். தேய்க்கும்போது சாதாரணத் துணி முகமூடி போதாது. கண்ணாடித் தூள் நுரையீரலுக்குப் போகிற சமாச்சாரம்.

உள்ளே காற்றுக்கு இடம் குறைவு என்பதால் ஆழ்ந்த பேஸ் வராது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி இந்த ஸ்பீக்கர்களுக்குப் போகாமல் வெட்டி, அதை டிக்கியில் இருக்கும் சப்வூஃபருக்கு விட்டுவிட்டேன். இடது சீட்டில் உட்கார்ந்தால் குரல் இன்னும் கொஞ்சம் ஓரமாகத்தான் கேட்கிறது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் நிற்கிற மாதிரி செய்தவர்கள் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இருந்தால் எந்தக் கோணம் வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.