தடுக்கத் தவறினால் நிறுவனமும் குற்றவாளி: இங்கிலாந்துச் சட்டத்தோடு நேர்ந்த அனுபவங்கள்

துறைமுகக்கணக்கு எழுதியது:

மிட்லண்ட்ஸ் பகுதியில், பொறியியல் உதிரிப்பாகங்களை ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றின் கம்ப்ளையன்ஸ் (சட்ட இணக்க) பிரிவில் வேலை செய்கிறேன். 2010ஆம் ஆண்டின் லஞ்சச் சட்டம், 7ஆம் பிரிவு பற்றி இங்குள்ளவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை: நிறுவனத்துக்காக வேலை செய்பவர் அதன் வணிகத்துக்காக லஞ்சம் கொடுத்தால், அதைத் தடுக்கத் தவறிய நிறுவனமும் குற்றவாளி. வெளிநாட்டுத் துறைமுகமொன்றில் எங்கள் முகவர் சுங்க அலுவலர்களுக்குச் சிறுசிறு தொகைகளைக் கொடுத்து, அவற்றைக் ‘கையாளும் செலவு’ என்று எங்களிடம் வசூலித்து வந்தது தணிக்கையில் தெரியவந்தது. வேலையை விரைவுபடுத்தக் கொடுக்கும் சில்லறைத் தொகைக்கு அமெரிக்கச் சட்டத்தில் குறுகிய விலக்கு உண்டு. இங்கே அதுவும் இல்லை.

என் மனத்தை விட்டு அகலாதது அதற்கடுத்த கூட்டம்தான். போதுமான தடுப்பு நடைமுறைகள் இருந்தன என்பதே நிறுவனத்துக்கு உள்ள ஒரே எதிர்வாதம், அதை மெய்ப்பிக்கும் சுமையும் நிறுவனத்தின் மேல்தான் என்பதால், விற்பனைப் பிரிவினர் தடித்த கையேட்டையும் பயிற்சிச் சான்றிதழ்களையும் மேசைமேல் அடுக்கியிருந்தார்கள். வெளியிலிருந்து வந்த வழக்கறிஞர் அவற்றைத் தொடவில்லை. முகவரின் அலுவலக எழுத்தர் ஒருவர் பல மாதங்களுக்கு முன்பு விற்பனைப் பிரிவின் பொது மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்த கடிதத்தை எடுத்துப் படித்தார். “சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது. பணம் கேட்கிறார்கள். கொடுக்கக் கூடாது என்று கையேடு சொல்கிறது. கொடுக்காமல் சரக்கை எப்படி எடுப்பது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.” இதற்குப் பதில் அனுப்பியது யார் என்று அவர் கேட்டார். அந்த மடலை யாருமே திறந்திருக்கவில்லை. அந்த எழுத்தர் தம்மால் இயன்றதைச் செய்திருக்கிறார் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

காசாளர்_ஹாரோ எழுதியது:

என் அனுபவம் வேறு சட்டத்தோடு தொடர்புடையது. ஆனால் உறுத்தல் ஒன்றே. நான் வங்கிக் கிளையில் இருந்தபோது, நெடுங்காலமாகத் தெரிந்த ஊர்க்காரப் பெரியவர் ஒருவரின் கணக்கில் அவருடைய வருமானத்தோடு பொருந்தாத பணம் வந்து சேர்ந்தது. 2002ஆம் ஆண்டின் குற்ற வருவாய்ச் சட்டப்படி, சந்தேகத்தைத் தெரிவித்து வங்கிக்குள் உள் அறிக்கை கொடுத்தேன். கொடுக்காமல் விட்டிருந்தால், நியாயமான காரணம் காட்ட முடியாத நிலையில் நானே 330ஆம் பிரிவின் கீழ்க் குற்றவாளி. அதற்கு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. அறிக்கை தேசிய குற்றவியல் முகமைக்குச் சென்றது, பணப்பரிமாற்றம் நின்றது. முகமை பதில் சொல்ல 7 வேலை நாட்கள். அனுமதி மறுத்தால் மேலும் 31 நாட்கள். நீதிமன்றம் அதையும் நீட்டிக்கலாம்.

அவர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வந்து நின்று, “பிள்ளை, என்ர காசுக்கு என்ன நடந்தது? மகளின்ர வீட்டுக்குக் கட்ட வேணும்” என்று கேட்டார். உண்மையைச் சொல்வது 333ஏ பிரிவின்படி தனிக்குற்றம். “தலைமை அலுவலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஐயா” என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. பின்னர் பணம் விடுவிக்கப்பட்டது. ஏன் நின்றது என்பதை அவருக்கு இன்றுவரை நான் சொன்னதில்லை.

நிலுவைத்தாள் எழுதியது:

துறைமுகக்கணக்கு எழுதியதில் ஒன்றை என்னால் ஏற்க இயலவில்லை. பதில் போகாத ஒரு மடல் மொத்த எதிர்வாதத்தையும் வீழ்த்திவிடும் என்பதுபோல் அது ஒலிக்கிறது. சட்டம் கேட்பது போதுமான நடைமுறையைத்தான், பழுதற்ற நடைமுறையை அன்று. எந்த ஏற்பாடும் எல்லா நேரமும் லஞ்சத்தைத் தடுத்துவிட முடியாது என்று நீதி அமைச்சகத்தின் வழிகாட்டியே ஒப்புக்கொள்கிறது.

நான் கணக்கு எழுதும் கட்டுமான நிறுவனம் ஒன்றின் உரிமையாளர், “எல்லோரும் ஒரே அறையில் இருக்கிறோம், எனக்குத் தெரியாமல் இங்கே என்ன நடக்கும்?” என்று என்னிடம் கேட்டார். 2018இல் லண்டன் சதர்க் கிரௌன் நீதிமன்றத்தில், அதே 7ஆம் பிரிவு வழக்கில், ஸ்கான்சன் இன்டீரியர்ஸ் என்ற சிறிய நிறுவனம் வைத்த வாதமும் ஏறத்தாழ இதுவே. அங்கே சுமார் 30 பேர்தான். ஒப்பந்தங்களில் லஞ்சத்தைத் தடை செய்யும் விதிகள் இருந்தன. புதிதாகப் பொறுப்பேற்ற தலைமை அதிகாரி லஞ்சம் கொடுக்கப்பட்டதைக் கண்டறிந்ததும் நிறுவனமே காவல்துறையிடம் சொன்னது. இருந்தும் ஜூரி ஏற்கவில்லை. அதற்குள் நிறுவனம் இயங்காமல் போயிருந்ததால் தண்டனையின்றி விடப்பட்டது, குற்றத்தீர்ப்பு நின்றது. தாமே போய்ச் சொன்ன ஒரு நிறுவனத்தை, அபராதம் கட்டப் பணமே இல்லாத நிலையில், விசாரணைக்கு இழுத்தது நியாயமன்று என்றே நான் கருதுகிறேன்.

கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 1 முதல், மோசடியைத் தடுக்கத் தவறுவதும் குற்றம். பணியாளர் 250 பேருக்கு மேல், விற்றுமுதல் 3.6 கோடி பவுனுக்கு மேல், மொத்தச் சொத்து 1.8 கோடி பவுனுக்கு மேல் என்ற மூன்றில் இரண்டு பொருந்தினால் உங்கள் நிறுவனம் அதற்குள் வரும். லஞ்சத்துக்கு எழுதிய கையேட்டில் பெயரை மாற்றி மோசடிக் கையேடு ஆக்காதீர்கள். லஞ்சம் கொள்முதலிலும் முகவரிடத்திலும் நிகழும், மோசடியோ ஆண்டிறுதிக் கணக்கிலும் வாடிக்கையாளருக்குத் தரும் வாக்குறுதியிலும் நிகழும். ஆகவே இடர் மதிப்பீட்டைப் புதிதாகச் செய்யுங்கள். எந்தப் பதவியில் இருப்பவருக்கு இலக்கின் அழுத்தம் அதிகம் என்று கேளுங்கள். ஒரு நடைமுறையை வேண்டாம் என்று முடிவு செய்தால் அதன் காரணத்தையும் அன்றே எழுதி வையுங்கள். வழக்கு வந்தபின் எழுதும் காரணத்துக்கு மதிப்பில்லை.

உரிமக்கோப்பு எழுதியது:

பெரிய நிறுவனங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கிழக்கு லண்டனில் கடை உரிம வழக்குகளைப் பார்க்கும் சட்ட அலுவலகத்தில் நான் எழுத்தர். 18 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் 146ஆம் பிரிவின்படி குற்றம். விற்றவர் வேறொருவர் என்றால், உரிய கவனம் அனைத்தையும் செலுத்தியதாகக் கடைக்காரர் எதிர்வாதம் வைக்கலாம். எங்கள் கட்சிக்காரர் பயிற்சி கொடுத்திருந்தார், பதிவேடும் வைத்திருந்தார். சோதனைக்கு அனுப்பப்பட்ட சிறுவனுக்குக் கல்லாவில் இருந்த இளைஞர் பீர் விற்றுவிட்டார். உள்ளே வந்த அதிகாரி அவரிடம், “சேலஞ்ச் 25 என்றால் என்ன?” என்று கேட்டார். 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவராகத் தோன்றும் எவரிடமும் வயதுச் சான்று கேட்கும் நடைமுறை அது. அவர் திரும்பி, தம் தலைக்குப் பின்னால் ஒட்டியிருந்த அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார். அதைக் கண்காணிப்புக் கேமராப் பதிவில் பார்த்த கடைக்காரர் எங்கள் அலுவலகத்திலேயே தலைகவிழ்ந்து அமர்ந்துவிட்டார்.

நிலுவைத்தாள் நியாயத்தைப் பற்றிப் பேசினார். டெஸ்கோ என்ற பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் மேல் வந்த டெஸ்கோ எதிர் நாட்ரஸ் வழக்கை நினைத்துப் பாருங்கள். நார்த்விச் கடையில் சலவைத்தூளைக் குறைந்த விலைக்குத் தருவதாக விளம்பரம் தொங்கியது; கல்லாவில் கேட்டது முழு விலை. கிளை மேலாளர் ‘வேறொருவர்’, அவர் நிறுவனம் ஆகமாட்டார் என்று, அன்று மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1971இல் சொல்லிவிட்டது. நிறுவனம் பெரிதாகப் பெரிதாகத் தப்பிப்பதும் எளிதானது. பொருளாதாரக் குற்றங்களுக்கு அந்தக் கதவை, மூத்த மேலாளரின் செயல் நிறுவனத்தின் செயலே என்று 2023 டிசம்பர் 26 முதல்தான் அடைத்தார்கள். சிறிய கடைக்காரருக்கு அந்த வசதி ஒருநாளும் இருந்ததில்லை.

துறைமுகக்கணக்கு எழுதியது:

நிலுவைத்தாள், ஒரு மடலால் எதிர்வாதம் வீழும் என்று நான் சொல்லவில்லை. அந்த மடல் வந்த பெட்டியைப் பார்ப்பது யாருடைய பொறுப்பு என்று கையேட்டின் எந்தப் பக்கத்திலும் எழுதப்படாதிருந்ததையே வழக்கறிஞர் சுட்டினார். இப்போது முகவர்களின் பணியாளர்கள் நேரே அழைக்க ஓர் எண் இருக்கிறது. எடுப்பவரின் பெயரும் அதில் உண்டு. பெரும்பாலான அழைப்புகள் ‘விரைவுக் கட்டணம்’ பற்றியவை. அந்நாட்டின் எழுதப்பட்ட சட்டம் அனுமதித்தால்தான், வெளிநாட்டு அரசு அலுவலருக்கு லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கும் லஞ்சச் சட்டத்தின் 6ஆம் பிரிவு தொடாது. ஆனால் ரசீதில் முத்திரை இருப்பதால் மட்டும் அது சட்டப்படியானது ஆகிவிடாது. துறைமுக வேலையில் இருப்பவர்கள் அந்த ரசீதுகளை எந்த அரசிதழோடு, யார் வழியாக ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள்?