சென்ட்ரல் லாக்: ஒரு கதவு மட்டும் திறக்கலை, மோட்டாரா வயரா?

கேள்வி:
ரிமோட்டை அமுக்கினா மூணு கதவு சரியா ஓடுது. இடது பின் கதவு மட்டும் பூட்டிக்குது, திறக்க மாட்டேங்குது. குமிழ் பாதி எழும்பி நின்னுடுது, கையால இழுத்தா வந்துடுது. கார் வெயில்ல நின்னா இன்னும் மோசம். ஃபியூஸ் நல்லா இருக்கு. மோட்டார் மட்டும் மாத்தினா போதுமா, லாட்ச்சோட (கதவைக் கவ்விப் பிடிக்கிற பூட்டு) சேர்த்தா?

சாவிக்கொத்து:
மத்த மூணும் ஓடும்போது ஃபியூஸ் மேல சந்தேகமே வேண்டாம். பின் கதவு மோட்டாருக்குப் பெரும்பாலும் ரெண்டே பவர் வயர். பூட்டவும் திறக்கவும் அதே ரெண்டுலதான் பிளஸ், மைனஸ் இடம் மாறி வரும். ஒரு திசையில ஓடுதுன்னா வயர் முழுசா அறுந்து போகலை. மோட்டார் வலு இழந்திருக்கும், இல்லேன்னா லாட்ச் அழுக்கேறி இறுகியிருக்கும். நிறைய மோட்டார்ல சூடானா கரண்டைக் குறைக்கிற ஒரு பாதுகாப்பு வில்லை உண்டு, வெயில்ல மோசமாகுறது அதனாலயும் இருக்கலாம். பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கினாலும் அது சூடாகிக் கொஞ்ச நேரம் மோட்டாரை நிறுத்திடும். லாட்ச் வாய்ல சிலிக்கான் ஸ்ப்ரே அடிச்சு, குமிழைப் பத்து இருபது தடவை கையால ஏத்தி இறக்கிப் பாருங்க. கெட்டி கிரீஸ் வேண்டாம், தூசியைப் பிடிச்சு வெச்சுக்கும்.

பன்னிரண்டு வோல்ட்:
வயரை அவ்வளவு சீக்கிரம் விட்டுடாதீங்க. கதவுக்கும் பில்லருக்கும் (கதவு மாட்டியிருக்கிற தூண்) நடுவுல இருக்கிற ரப்பர் குழாய்க்குள்ள வயரோட இழைகள் ஒவ்வொண்ணா அறுந்துட்டே வரும். ஒரே இழை மிச்சமிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும், மோட்டாருக்கு வேண்டிய ஆம்பியர் மட்டும் வராது. மோட்டார் சாக்கெட்ல 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டி, ஒருத்தரை ரிமோட்டை அமுக்கச் சொல்லுங்க. ஒரு விநாடிகூட எரியாது, கண்ணை எடுக்காம பாருங்க. மங்கலா எரிஞ்சா வயர், பளிச்சுனு எரிஞ்சா மோட்டார். வயரை ஒட்டணும்னா மடிப்புல சால்டர் வைக்காதீங்க, அந்த விளிம்புலயே மறுபடி ஒடியும். புதுத் துண்டு வயரை ரப்பருக்கு ரெண்டு பக்கமும் தள்ளி கிரிம்ப் பண்ணுங்க, அதாவது உலோகக் குழாய்க்குள்ள வெச்சு நசுக்கி இணைங்க.

கேள்வி கேட்டவர்:
பல்பு ரெண்டு திசையிலயும் பளிச். ஸ்ப்ரே அடிச்சும் அப்படியேதான். இந்தக் கார்ல மோட்டார் லாட்ச்சுக்குள்ளயே இருக்கு.

சாவிக்கொத்து:
அப்போ முழு லாட்ச்தான். உள்ளே பிளாஸ்டிக் கியரும் தேஞ்சிருக்கும், மோட்டாரை மட்டும் மாத்தி ரிவெட் போட்ட பெட்டியை மூடினா நிக்காது. கண்ணாடியை முழுசா ஏத்திட்டு பேட்டரி மைனஸைக் கழட்டுங்க. கைப்பிடிக் குழிக்குள்ள மூடி போட்டு மறைச்ச ஸ்க்ரூவை மறந்துட்டு ட்ரிம்மை (கதவோட உள்பக்க மூடு பலகை) இழுத்தா அது கிழியும். கதவு விளிம்புல மூணு டார்க்ஸ் ஸ்க்ரூ (தலையில நட்சத்திரக் குழி இருக்கும்), பெரும்பாலும் டி30 அளவு. கைப்பிடியையும் லாட்ச்சையும் இணைக்கிற கம்பியோட கிளிப்பைத் திருப்பி விடுவிக்கணும், நெம்பினா உடையும். உள்ளே ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப நல்லா ஒட்டலேன்னா மழைத்தண்ணி காருக்குள்ள வரும்.

பன்னிரண்டு வோல்ட்:
ஒண்ணு விட்டுட்டீங்க. புது லாட்ச் மாட்டினதும் கதவைச் சாத்திடாதீங்க. கதவு திறந்திருக்கும்போதே பேட்டரியைத் திரும்ப மாட்டி, ஸ்க்ரூட்ரைவரால லாட்ச் கொக்கியை அமுக்கி மூடி, ரிமோட், உள் கைப்பிடி, வெளிக் கைப்பிடி எல்லாம் சோதிங்க. ஒரு கம்பி மாட்டாம சாத்திட்டா, பூட்டின கதவுல ட்ரிம்மைக் கழட்டுறது பெரும்பாடு. சைல்ட் லாக் எந்தப் பக்கம் இருக்குன்னும் பார்த்துக்கோங்க, அது போட்டிருந்தா உள் கைப்பிடி வேலை செய்யாது.